ஒற்றைக்கால் சனிக்கிழமை

எமரி லெட்பெட்டருக்கு அந்த ஏப்ரலில் வந்த வியாதிக்கு எந்த மருந்துக் கடையிலும் மருந்து கிடையாது. எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கும் மனைவிக்கு ஒரு விஷயம் தெரியும், தனக்குத் தெரியாது. அவ்வளவுதான் வியாதி. ஆனால் அது அவன் தூக்கத்தைத் தின்றது, பசியைத் தின்றது. ஊரில் பேர் போன பல் டாக்டரான அவன், ஒரு காலையில் நல்ல பல்லைக் குடையப் போய், செவிலி முழங்கையால் இடித்த பிறகுதான் பக்கத்துப் பல்லுக்கு வந்தான்.

மார்வுட் பல்கலைக்கழகத்து அமெரிக்க ஃபுட்பால் அணி, பெரிய பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஆடும் பெரிய கூட்டணியில் நீடிக்குமா, நீடிக்காதா? விஷயம் இதுதான். ஹேஸ்லெட் ஊரில் அந்த வருஷம் வேறு பேச்சே கிடையாது. தேவாலயத்தில் போதகர் ஜெபத்தை முடித்து ஆமென் சொன்னதும் பின் வரிசையில் கிசுகிசுப்பு ஆரம்பமாகிவிடும்.

காரணம் இல்லாமல் இல்லை. கூட்டணியில் மற்றவை எல்லாம் மாநிலப் பல்கலைக்கழகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நகரத்துக்குப் போதுமான மாணவர்கள். படித்து முடித்து வெளியே போனவர்கள் மாநிலம் முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். மார்வுட் தனியார். மொத்த மாணவர்களையும் கூட்டி மைதானத்தில் உட்கார வைத்தால் ஒரு பக்கம்கூட நிரம்பாது. டி.வி. கம்பெனிகளுக்குத் தலைகள்தான் கணக்கு. போதாததற்கு, இப்போது ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வேறு கொடுத்தாக வேண்டும். நாம் வளர்த்து ஆளாக்கிய பையனை அடுத்த ஜனவரியிலேயே பெரிய பல்கலைக்கழகங்கள் கொத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். நீடிக்க வேண்டுமென்றால் அணியில் ஒரு பங்கை ஏதோ முதலீட்டுக் கம்பெனிக்கு விற்க வேண்டும் என்றார்கள். விலகினால், மார்வுட் மாதிரியே இளைத்துப்போன தனியார்ப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து புதிதாக அமைக்கும் சின்னக் கூட்டணி இருக்கிறது என்றார்கள். இரண்டில் எது என்று முடிவு செய்யப் போவது அறங்காவலர் குழு. அதில் ஒருத்தி எமரியின் மனைவி கொரின் லெட்பெட்டர்.

மாநிலப் பல்கலைக்கழகமாக இருந்தால் இந்தப் பாடு இல்லை. வரிப்பணத்தில் நடப்பது, எந்த நிருபரும் ஒரு மனுவைப் போட்டுப் பயிற்சியாளரின் சம்பளத்திலிருந்து அவர் காருக்கு மாற்றிய டயர் வரை வெளியே எடுத்துவிடுவான். தனியார் கதவைச் சாத்திக்கொண்டால் சாத்தியதுதான். ஆகவே ஊரே துப்பறியக் கிளம்பியது. தனி விமானங்களின் வால் எண்ணைப் பிடித்துக் கைபேசியில் துரத்துவது இந்த நாட்டு ஃபுட்பால் ரசிகர்களுக்குக் கைவந்த கலை. ஒரு நாள் டாலஸிலிருந்து ஒரு விமானம் எங்கள் சின்ன ஓடுபாதையில் வந்து இறங்கியது. கூட்டணித் தலைவரே ரகசியமாக வந்துவிட்டார் என்று ஊர் கொந்தளித்தது. கடைசியில் பார்த்தால், கோழிப்பண்ணை முதலாளி மகளின் கல்யாணத்துக்குக் கேக் வந்திறங்கியிருக்கிறது.

எமரிக்கு விமானம் தேவையில்லை. துப்பு அவன் வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்தது. ஆனால் கொரின் ரொம்ப வருஷம் குடும்பநல நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவள். புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே நின்று அழுது புலம்பும்போது முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் உட்கார்ந்தே பழகியவள். அந்த முகத்தைப் படிப்பதற்குப் பதில் சுவரைப் படிக்கலாம்.

படிக்க முடியாது என்று தெரிந்தால் மனிதன் சும்மா இருக்க வேண்டும். எமரி இருக்கவில்லை. மைதானத்து இருக்கையில் போட்டு உட்காரும் ஊதா மெத்தைகளை அவள் வெயிலில் காயப்போட்ட அன்று, 'நீடிக்கிறோம்' என்று முடிவு கட்டிச் சீட்டியடித்துக்கொண்டே வேலைக்குப் போனான். சாயங்காலம் வந்து பார்த்தால், அதே மெத்தைகளைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"பரண்ல ஏன் போடறே?" என்று கேட்டான்.

"எலி கடிக்குது."

"எலியா, வேற ஏதாவதா?"

"வேற என்ன கடிக்கும், எமரி?"

"சும்மா கேட்டேன்."

"நீ சும்மா கேட்டதே கிடையாது. ஏணியப் பிடி."

இங்கே நாரைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மார்வுட் அணிக்குப் பெயர் நாரைகள். பருவம் முழுக்கச் சனிக்கிழமைதோறும் ஆட்டம். ஆட்டம் தொடங்கும் முதல் உதையில் பந்து மேலே எழும்பியதும், மைதானத்தில் இருக்கிற எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து ஒற்றைக்காலில் நிற்போம். பந்து கீழே வரும்வரை காலை ஊன்றக் கூடாது. எதிரணி ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டீனும் நிற்பார், டீனின் காரைத் துடைப்பவரும் நிற்பார். கொரினுக்கு வலது முழங்கால் தேய்ந்து போனதிலிருந்து எமரியின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால், அவன் அவளை முதல் முதலாகத் தொட்டதே அப்படி நிற்கும்போது தடுமாறி விழுந்துதான். வேண்டுமென்றே விழுந்தான் என்று அவள் சொல்வாள். மறுத்து அவன் எதுவும் சொன்னதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. கொரின் குழுக் கூட்டம் முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பீன்ஸ் ஆய்ந்தாள். டி.வி. போடவில்லை. எமரி எதிரில் உட்கார்ந்து செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடிக்காத குறையாகப் பிடித்திருந்தான். திடீரென்று அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"சனிக்கிழமையில நீ வேற ஏதாவது பண்ணணும்னா, என்ன பண்ணுவே?"

எமரி செய்தித்தாளை மடித்தான். ஆகா, முடிந்தது என்று நினைத்தான். விலகுகிறோம். வாயைத் திறந்து சொல்ல முடியாமல் இப்படிச் சுற்றி வளைத்துப் பக்குவமாகச் சொல்கிறாள், நோயாளிக்கு ஊசி போடுவதற்கு முன்னால் தான் வானிலை பற்றிப் பேசுவதைப் போல. பாவம், அவளுக்கும் எவ்வளவு கஷ்டம். தான் புரிந்துகொண்டதை அவளுக்குக் காட்டிவிடக் கூடாது. காட்டினால் ரகசியத்தை உடைத்துவிட்டோமே என்று அவள் மனம் நோகும். இப்படியெல்லாம் ஒரு நொடியில் யோசித்து, அந்த மகாபுத்திசாலி ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான்.

"மீன் பிடிக்கப் போவேன்."

கொரின் பீன்ஸை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"மீனா?"

"ஆமா. ஏரியில. அமைதியா இருக்கும்."

"வருத்தமா இருக்காதா?"

"எதுக்கு வருத்தம்? வயசாகுதுல்ல."

"சரி" என்றாள் கொரின். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவையும் "சரி" என்றாள். பிறகு ஆய்ந்த பீன்ஸையே மறுபடியும் ஆயத் தொடங்கினாள். அதைக் கவனிக்கும் நிலையில் எமரி இல்லை. அவன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதான். ஐம்பது வயதைத் தாண்டிய ஆம்பிளை ஒரு பந்தாட்டத்துக்காக அழுவதா என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்க்காரர்களாக இருக்க முடியாது.

அழுது முடித்ததும் வியாதி போயிற்று. அந்த இடத்தில் அதைவிடப் பெரியது வந்து உட்கார்ந்தது. தெரியாமல் இருப்பது அரிப்பு. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய அரிப்பு. ஒரு வாரம் தாங்கினான். தபால்காரர் கேட்டார், அடுத்த வீட்டுக்காரி கேட்டாள், சவரக் கடையில் கேட்டார்கள். "என்கிட்ட என்ன இருக்கு, பல்லு பிடுங்கறவன்கிட்ட" என்று சிரித்துத் தப்பினான்.

ராய்ஸ் டன்லப்பிடம் தப்ப முடியவில்லை. ராய்ஸ் எங்கள் ஊர் வானொலியில் சாயங்காலம் விளையாட்டுப் பேச்சு நடத்துபவன். கடைவாய்ப் பல் சொத்தை என்று வந்து நாற்காலியில் சாய்ந்தான். எமரி மரக்க ஊசி போட்டு, வாயில் பஞ்சைத் திணித்தான். பல் டாக்டர்கள் எல்லோருக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிராளி பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துத்தான் அவர்களுக்குப் பேச்சு ஊறும்.

ராய்ஸ் புருவத்தைத் தூக்கினான். ஊர் முழுக்க அந்தப் புருவத்தின் கேள்வி தெரியும்.

"என்கிட்ட கேக்காதீங்க ராய்ஸ். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான் எமரி.

புருவம் இறங்கவில்லை.

"கொரின் ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. தெரியுமில்ல உங்களுக்கு? நானும் கேக்க மாட்டேன். எங்க வீட்ல அந்த ஒழுங்கு உண்டு."

புருவம் அப்படியே நின்றது. எமரி பல்லைக் குடைந்தான். குடைந்துகொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோல ஒரு பெருமூச்சோடு சொன்னான்.

"வர்ற வருஷம் சனிக்கிழமையில மீன் பிடிக்கப் போகலாம்னு இருக்கேன்."

ராய்ஸின் இரண்டு புருவங்களும் நெற்றி முடிக்குள் போய்விட்டன. எமரி கருவியைப் பிடித்த கையை நிறுத்தினான். என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் காதில் விழுந்தது. நாரைகள் ஆடுகிற சனிக்கிழமையில் எமரி லெட்பெட்டர் வேறு எங்கேயும் போனதாகச் சரித்திரமே இல்லை. தங்கையின் கல்யாணத்தையே வெள்ளிக்கிழமைக்கு மாற்ற வைத்து ஒற்றைக்காலில் நின்ற ஆள்.

"சும்மா சொன்னேன். கொப்பளிங்க" என்றான்.

ராய்ஸ் கொப்பளிக்கவே இல்லை. மரத்த உதட்டோடு நேரே நிலையத்துக்குப் போனான். அன்று சாயங்காலம் ஹேஸ்லெட் முழுக்க, கார்களிலும் சமையலறைகளிலும், எச்சில் ஒழுகும் ஒரு குரல் கேட்டது.

"நேயழ்களே, கேழுங்க. டாக்டழ் லெட்பெட்டழ் மீன் பிழிக்கப் போழாழு."

வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. விடிவதற்குள் செய்தி மாநிலத்தைத் தாண்டியது. மார்வுட்டுக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்த, பந்தெறிவதில் கெட்டிக்காரனான பள்ளிப் பையன், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பக்கம் போனான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் போனார்கள். மறுப்புச் சொல்லி வாயே திறக்காத பல்கலைக்கழகம், அன்றும் திறக்கவில்லை. தனியார் அல்லவா.

மறுநாள் மத்தியானம் கொரின் வீட்டுக்கு வந்தபோது எமரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கைப்பையை மேஜையில் வைத்து, எதிர் நாற்காலியைக் காட்டினாள். நீதிமன்றத்தில் காட்டுகிற மாதிரி.

"நீ மீன் பிடிக்கப் போறியாமே."

"நான் ஒண்ணும் சொல்லல கொரின். மீனைப் பத்தி மட்டும்தான் சொன்னேன்."

"தூண்டில எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். அதனாலதான் இவ்வளவு கூத்து."

எமரிக்கு ரோஷம் வந்தது. "நீதானே எனக்குச் சொன்னே" என்றான்.

"நான் என்ன சொன்னேன்?"

"விலகப் போறோம்னு. இங்க உக்காந்து, பீன்ஸ் ஆஞ்சுகிட்டு. சனிக்கிழமை வேற ஏதாவது பண்ணணும்னா என்ன பண்ணுவேன்னு கேட்டியே."

கொரின் அவனையே பார்த்தாள். அந்த முகத்தில், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, எமரியால் ஒன்றைப் படிக்க முடிந்தது. அவள் பயந்துபோயிருந்தாள்.

"எமரி, அது கேள்வி" என்றாள்.

"என்ன?"

"கேள்வி. பதில் வேணும்னு கேட்டேன். ஓட்டு இன்னும் நடக்கவே இல்ல. வர்ற வியாழக்கிழமைதான். பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். எனக்கு எந்தப் பக்கம்னே தெரியல. நான் அங்க படிச்சது உதவித்தொகையில. எங்கப்பா சாக்ஸ் மில்லுல நின்னுகிட்டே வேலை பாத்தாரு. அந்தப் பல்கலைக்கழகம் ஒரு கம்பெனிக்காரன் கைக்குப் போறத என்னால பாக்க முடியாது. ஆனா அந்த மைதானம் காலியாக் கிடக்கறதையும் பாக்க முடியாது. யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடந்தேன். நீ பக்கத்துல முழிச்சுக் கிடந்தே. உன்கிட்ட மட்டும் எப்படியாவது கேட்டுடலாம்னு கேட்டேன். நீ மீன் பிடிப்பேன்னே. வருத்தமே இல்லன்னே."

எமரிக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. விமானத்தைத் துரத்தியவர்களைப் பார்த்து இளித்தவன், தன் வீட்டுச் சமையலறையில் அதே கேக்கைக் கூட்டணித் தலைவர் என்று நினைத்திருக்கிறான்.

"இப்ப சொல்றேன்" என்றான் மெதுவாக. "அன்னைக்கு நான் சொன்னது..."

"வேண்டாம்" என்றாள் கொரின். கையை உயர்த்தினாள். "இனிமே சொல்லாதே. ஆம்ப்ளர்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன், பேச்சு எங்க வீட்ல இருந்துதான் போச்சுன்னு." ஆம்ப்ளர் குழுவின் தலைவர். "ஓட்டுல நான் கலந்துக்கல. ரூமுக்கு வெளியில உக்காந்திருப்பேன்."

"உன்னைப் போகச் சொன்னாரா?"

"சொல்லல. நானா இருந்தா சொல்லியிருப்பேன்."

வியாழக்கிழமை அறங்காவலர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொரின் வெளியே மர பெஞ்சில், கால் மேல் கால் போடாமல் உட்கார்ந்திருந்தாள். எமரி வண்டியில் காத்திருந்தான். கதவு திறந்தபோது முடிவு தெரிந்தது. மார்வுட் விலகுகிறது. ஒரே ஓட்டு வித்தியாசம். சமமாக வந்திருந்தால் தலைவர் ஆம்ப்ளரின் ஓட்டு முடிவு செய்திருக்கும். ஆம்ப்ளர் நாரைகளின் ஊதாக் கோட்டோடுதான் தூங்குவார் என்பது ஊரறிந்த சங்கதி.

அதாவது, கொரின் உள்ளே இருந்து 'நீடிப்போம்' என்று கை தூக்கியிருந்தால், நாரைகள் பெரிய கூட்டணியிலேயே இருந்திருக்கும். 'விலகுவோம்' என்று தூக்கியிருந்தால் எதுவும் மாறியிருக்காது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் எமரி அந்தக் கோடை முழுவதும் அல்லாடினான். முன்பு வந்தது வியாதியே இல்லை, இதுதான் வியாதி. கேட்கலாம். பக்கத்துத் தலையணைதான். ஆனால் எந்த வாயை வைத்துக்கொண்டு கேட்பது? துணி மடிக்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பான். சுவர்.

ஊரும் கொஞ்ச நாள் அவனுக்குச் சரியான மரியாதை செய்தது. யாரோ கிளினிக் வாசலில் ஒரு தூண்டிலைச் சாத்தி வைத்துவிட்டுப் போனார்கள். அவன் அதை எடுத்துக் குடை வைக்கும் இடத்தில் நிறுத்தினான். ராய்ஸ் மட்டும் பல் சுத்தம் செய்ய வந்தபோது, "டாக்டர், நீங்க இனிமே என்கிட்ட எதுவும் பேசாதீங்க. நான் தாங்க மாட்டேன்" என்றான்.

செப்டம்பர் வந்தது. சின்னக் கூட்டணியில் முதல் ஆட்டம். எதிரணி, மலைப்பக்கத்துத் தனியார்க் கல்லூரி ஒன்று; அவர்களுடைய வாத்தியக் குழு ஒரே பஸ்ஸில் வந்திறங்கியது. டி.வி. வண்டிகள் நிற்கும் இடத்தில் இரண்டு பேர் வேகவைத்த வேர்க்கடலை விற்றார்கள். மேல் அடுக்குகள் காலி. கீழே மட்டும் ஊதா. கொரின் பரணிலிருந்து மெத்தைகளை இறக்கிக் கொண்டுவந்திருந்தாள். ஒன்றின் மூலையை எலி உண்மையாகவே கடித்திருந்தது.

எமரி சுற்றிலும் பார்த்தான். வரமாட்டார்கள் என்று நினைத்தவர்களில் பலர் வந்திருந்தார்கள். வருவார்கள் என்று நினைத்தவர்களில் பலர் வரவில்லை. மனசுக்குள் வலித்தது. வலிக்கவில்லை என்று சொல்ல அவனால் இப்போது முடியாது.

பந்து எழும்பியது. எல்லோரும் எழுந்தோம். கொரின் அவன் தோளைப் பிடித்தாள். அதே பிடி.

"கேளு" என்றாள், பந்தைப் பார்த்துக்கொண்டே. "கோடை பூரா தொண்டையில வச்சுகிட்டுத் திரியறே."

"நீ எந்தப் பக்கம் போட்டிருப்பே?"

"முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஏப்ரல்ல கேட்டது."

எமரி இந்தத் தடவை எதையும் மோப்பம் பிடிக்கவில்லை. கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டான்.

"எங்கயும் போயிருக்க மாட்டேன்" என்றான். "அழுதிருப்பேன். அழுதுட்டு இங்கதான் வந்திருப்பேன். எவன் கூட ஆடினாலும், தெருப்பசங்க வந்து ஆடினாலும், வந்து இப்படி நின்னிருப்பேன்."

பந்து உச்சிக்குப் போய்த் திரும்பியது. தோளில் இருந்த கை ஒரு முறை இறுகியது.

"இத அன்னைக்குச் சொல்லியிருந்தா, நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்க மாட்டேன்" என்றாள் கொரின். "உள்ள போய் நிம்மதியா கை தூக்கியிருப்பேன்."

எதற்குத் தூக்கியிருப்பாய்? எமரி கேட்க வாயைத் திறந்தான்.

"வாய மூடு, டாக்டர்" என்றாள். "பந்து இன்னும் கீழ வரல."

அவன் மூடிக்கொண்டான். பந்து இறங்கியது. எல்லோரும் காலை ஊன்றினோம். அவள் கையைத் தோளிலிருந்து இன்னும் எடுக்காததால், எமரி மட்டும் ஒற்றைக்காலிலேயே நின்றான்.